சேற்றில் நின்ற சிங்கம்

கல்யாணமாகி ஆறு வருஷமான ஒரு பி.காம். பட்டதாரி செய்யக்கூடாத காரியங்கள் இரண்டு உண்டு. ஒன்று, மச்சானுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவது. இரண்டு, காடு மேடெல்லாம் ஏறும் மோட்டார் சைக்கிள் வாங்குவது. முதல் ஆபத்திலிருந்து நான் தப்பித்துவிட்டேன்.

வண்டியின் பெயரைச் சொல்லமாட்டேன். நடந்ததெல்லாம் என் தப்பு, கம்பெனிக்காரர்கள் பாவம். செகண்ட் ஹேண்ட். இருநூறு கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. முன் சக்கரம் 21 அங்குலம், கம்பி போட்ட ரிம், கொக்கு மூக்கு மாதிரி உயரத்தில் ஒரு மட்கார்டு. நான் ஏறி உட்கார்ந்தால் இரண்டு கால்களில் ஒன்றுக்குத்தான் பூமி எட்டும். எந்தக் கால் என்பதை வண்டி முடிவு செய்யும். என் மனைவி அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "காய்கறிப் பையை எங்கேங்க மாட்டறது?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

இந்த ஜாதி வண்டிகளுக்கு 'எண்டியூரோ' என்று பெயர். தாங்குகிறதா என்று பார்க்கிற வண்டி. 1913-ல் இங்கிலாந்தில் கார்லைல் என்ற ஊரில் ஆறு நாள் பரீட்சை ஒன்று வைத்தார்கள். வேகமாகப் போகிறவன் ஜெயிப்பதல்ல, வண்டியை உருப்படியாகக் கொண்டுவந்து சேர்க்கிறவன் ஜெயிப்பது. அந்தப் பரீட்சை வேறு பெயரில் இன்னும் நடக்கிறது. நம் ஊரில் ஹீரோ கம்பெனி 2011-ல் 'இம்பல்ஸ்' என்று ஒன்று விட்டது. நல்ல வண்டி. யாரும் வாங்கவில்லை, நிறுத்திவிட்டார்கள். நிறுத்திய பிறகு எல்லோரும் தேடினார்கள். நாம் அப்படித்தான். பிறகு 2016-ல் நம் சென்னை ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன், 2019-ல் ஹீரோவின் எக்ஸ்பல்ஸ். அதற்கப்புறம் ஐ.டி. கம்பெனி பார்க்கிங்கில் எல்லாம் மலை ஏறும் வண்டிகள் வரிசையாக வெயில் காய ஆரம்பித்தன.

என் வண்டியும் எட்டு மாதமாக வெயில்தான் காய்ந்தது. அது பார்த்த அதிகபட்சக் காடு மேடு, எங்கள் தெருவில் மெட்ரோ வாட்டர்காரர்கள் தோண்டிப் போட்ட பள்ளம். எனவே பொங்கல் கழிந்த ஒரு சனிக்கிழமை, சிங்கத்தை அவிழ்த்துவிடுவது என்று தீர்மானித்துப் பழவேற்காட்டுக்குக் கிளம்பினேன்.

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். மீஞ்சூர்வரை கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகவேண்டும். பொன்னேரி தாண்டினால் திடீரென்று வயலும் காற்றும். அப்புறம் ஏரி. ஏரி என்றால் செம்பரம்பாக்கம் மாதிரி இல்லை, சாமி. சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உப்பங்கழி. தண்ணீரில் பெரும்பகுதி ஆந்திராவுக்குச் சொந்தம். 1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே கோட்டை கட்டி உட்கார்ந்தார்கள். கோட்டை போய்விட்டது, கல்லறைகள் இருக்கின்றன. தோணிரேவு அந்த ஏரிக்கரை ஊர்களில் ஒன்று. பெயரே பாதி தமிழ், பாதி தெலுங்கு. தோணி நம்முடையது; ரேவு என்றால் தெலுங்கில் துறை.

கரையோரம் ஒரு மண்பாதை. பாதைக்கு இந்தப் பக்கம் பரந்த மணல், அந்தப் பக்கம் தண்ணீர் வற்றிய சாம்பல் நிறச் சேற்றுவெளி. தூரத்தில் பூநாரைகள் வெள்ளைக் கோடு போட்டாற்போல நின்றன. இதைவிட நல்ல இடம் கிடைக்குமா? முதலில் மணல், பிறகு சேறு என்று திட்டம். வீடியோக்களில் கற்ற வித்தையெல்லாம் ஞாபகப்படுத்திக்கொண்டேன். டயரில் கொஞ்சம் காற்றை இறக்கு. ஃபுட்ரெஸ்ட் மேல் எழுந்து நில். மணலில் முன் பிரேக்கைத் தொடாதே. முக்கியமாக, சக்கரத்தைப் பார்க்காதே, தூரத்தைப் பார்.

தூரத்தைப் பார்த்தேன். அதனால்தான் கீழே விரித்துக் காயப்போட்டிருந்த வலையைப் பார்க்கவில்லை.

'கிர்ர்ர்' என்று ஒரு சத்தம். பின் சக்கரம் பூட்டிக்கொண்டது. சிங்கம் இடது பக்கமாக, ரொம்ப நிதானமாக, ஒரு யானை படுப்பதுபோலப் படுத்தது. நான் மணலில் உட்கார்ந்திருந்தேன். பச்சை நைலான் வலை செயினில் ஏறி, ஸ்ப்ராக்கெட்டில் சுற்றி, ஹப்புக்குள் போய் இறுகியிருந்தது. தூக்கப் பார்த்தேன். அசைந்ததாக எனக்கு ஞாபகம், வண்டிக்கு இருக்காது.

பெரியவர் ஒருவர் நடந்து வந்தார். ஓடி வரவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை போலிருந்தது. வலையின் ஓரத்தைக் கையிலெடுத்துக் கண்ணி கண்ணியாகத் தடவிக்கொண்டே வந்து வண்டியருகில் நின்றார்.

"அடி பட்டுச்சா தம்பி?"

"இல்லைங்கய்யா."

"நாளைக்கு எங்களுக்குப் பாடு" என்றார்.

பாடு என்றால் கஷ்டம் என்று மட்டுமே தெரிந்த பட்டணத்துக்காரனுக்குப் பக்கத்திலிருந்த பையன் விளக்கினான். இந்த ஏரியில் சில குப்பங்களில் வழிவழியாக ஒரு முறை இருக்கிறது. இறால் ஓடுகிற நல்ல இடத்தில் எல்லோரும் ஒரே நாளில் வலை கட்ட முடியாது. எனவே குடும்பத்துக்கு இன்ன நாள், இன்ன இடம் என்று முறை வைத்திருக்கிறார்கள். அதுதான் பாடு. பாட்டில் பங்கு இல்லாத ஊர்களுக்கு அதில் மனத்தாங்கலும் உண்டு. அது பெரிய கதை. பெரியவர் வேறு குப்பத்துக்காரர், பாட்டுக்காரர். மறுநாள் விடியலில் அவர் முறை. விட்டால் சுற்று திரும்பி வரும்வரை காத்திருக்கவேண்டும்.

நான் பர்ஸை எடுத்தேன். அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். "நூலுக்குக் காசு குடு, போதும். பாடு போச்சுன்னா அந்தக் காசை உன்னால குடுக்க முடியாது."

நான் படித்த அக்கவுண்டன்சியில் இந்த நஷ்டத்தை எந்தப் பக்கம் எழுதுவது என்று சொல்லித் தரவில்லை.

அதற்குள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் டி.வி.எஸ். எக்ஸெல்லில் வந்தார். பின்னால் மீன் பெட்டி, முன்னால் ஐஸ் பை, நடுவில் ஒரு பேரன். நான் கவிழ்ந்த அதே மணலில் காலை ஊன்றிக்கொண்டு 'டுபுடுபு' என்று சுலபமாகக் கடந்தார். அவர் வண்டி சுமார் 90 கிலோ. புதைந்தால் இரண்டு பேர் தூக்கி வைத்துவிடலாம். இதே டி.வி.எஸ். கம்பெனியின் பெயர் போட்ட வண்டியில்தான் 2024-ல் கேரளத்துப் பையன் ஹரித் நோவா, டக்கார் பாலைவனப் பந்தயத்தில் தன் பிரிவில் முதலாவதாக வந்தார். ஓசூர்க்காரர்களுக்கு மணல் விஷயம் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

சிங்கத்தை நிமிர்த்த ஐந்து பேர். சைடு ஸ்டாண்டு மணலில் புதைந்தது. கீழே பலகை வைத்தார்கள். பின் சக்கரத்தைக் கழற்ற என் டூல்கிட்டில் ஸ்பானர் இல்லை. ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் கொடுத்தார். நான் வலையை அறுத்துவிடலாம் என்று கத்தி கேட்டேன். எல்லோரும் என்னைப் பார்த்த பார்வையில் கத்தியே தேவையில்லை. ஒவ்வொரு கண்ணியாக, பல்லில் சிக்கிய நாரை எடுப்பதுபோல எடுத்தார்கள். இருட்டிவிட்டது.

கிழிந்த இடத்தைப் பெரியவரும் அவர் மருமகனும் வலை ஊசியோடு உட்கார்ந்து பின்ன ஆரம்பித்தார்கள். வெளிச்சம் போதவில்லை. அப்போதுதான் என் வண்டியால் ஒரு உபயோகம் வந்தது. ஹெட்லைட்டைப் போட்டு வலைமேல் திருப்பினேன். என்ஜினை ஓடவிட்டால் புகை, சத்தம், அணைத்துவிட்டேன். மனைவிக்கு போன் செய்து, "நான் ஒரு வலையில மாட்டிக்கிட்டேன்" என்றேன். "யாரோட வலையில?" என்றாள். விளக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று.

இரவு பதினொன்றுக்குக் கடைசி முடிச்சு. அதே சமயத்தில் விளக்கும் மங்கி அணைந்தது. பேட்டரி காலி.

வண்டி வாங்கப் போகிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கவும். என் வண்டியில் கிக்கர் கிடையாது. தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம் என்றால், இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோல் பம்புக்கே கரண்ட் வேண்டும். பேட்டரி சுத்தமாகச் செத்தால் தள்ளுகிறவருக்கு உடற்பயிற்சி மட்டும்தான் மிச்சம். ஷோரூமில் குதிரைசக்தி எவ்வளவு என்று கேட்டவன், கீழே விழுந்தால் நான் ஒருத்தனாய்த் தூக்கமுடியுமா என்று கேட்கவில்லை. உண்மையில் அங்கேயே ஆள் துணையோடு ஒருமுறை சாய்த்து, தூக்கிப் பார்க்கவேண்டும். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். 150 கிலோ வண்டிக்கும் 200 கிலோ வண்டிக்கும் வித்தியாசம் தார் ரோட்டில் தெரியாது. மணலில் அந்த 50 கிலோவும் நம் இடுப்பின்மேல் உட்காரும். உயரமும் அப்படித்தான். ஒரு கால் பாதியாவது முழுசாகத் தரையில் படவேண்டும். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் ஸ்போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். 'டிங்' என்பதற்குப் பதில் 'டொக்' என்றால் கம்பி தளர்ந்திருக்கிறது. சக்கரத்தைச் சுற்றவிட்டு ரிம்மில் கோட்டம் இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும்.

இரவை ஒரு படகோரம் கழித்தேன். விடியும் முன்னே படகு கிளம்பியது. பெரியவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கு வேலை இருந்தது.

வெளிச்சம் வந்ததும்தான் நான் வண்டி ஓட்டத் திட்டமிட்டிருந்த சேற்றுவெளியைச் சரியாகப் பார்த்தேன். முழங்கால் தண்ணீரில் இரண்டு பெண்கள், பனையோலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு, குனிந்து சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் தள்ளிப் பூநாரைகளும் அதே சேற்றில் தலைகீழாய் அலகை வைத்து அதே வேலையைச் செய்துகொண்டிருந்தன. 1980-லிருந்தே இது பறவைகள் சரணாலயம். நான் அதை 'காலி இடம்' என்று நினைத்திருந்தேன்.

ஏழு மணிக்கு ஷேர் ஆட்டோ பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர் கொடுத்துச் சிங்கத்தை எழுப்பினார்கள். எக்ஸெல்காரர் கடைசிவரை அடக்கி வைத்திருந்த கேள்வியைக் கேட்டார்.

"லிட்டருக்கு இன்னா குடுக்குது தம்பி?"

"முப்பதுங்கண்ணே."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பேரன்தான் சிரித்துவிட்டான்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் வண்டியைத் தொடவில்லை. அது அடுத்த முட்டாள்தனம். உப்புக் காற்றும் உப்புச் சேறும் பட்ட வண்டியை அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவவேண்டும். ஹப், செயின், டிஸ்க் பக்கம் முக்கியம். ஆனால் பேரிங் மேல் பிரஷர் பம்பைப் பிடிக்கக்கூடாது. தண்ணீர் உள்ளே போய்விடும். செயினை மண்ணெண்ணெயில் துடைத்துக் காயவைத்து, 90 நம்பர் கியர் ஆயில் போடவேண்டும். பெட்ரோலில் கழுவினால் செயினுக்குள் இருக்கும் ரப்பர் வளையம் வீணாகும். ஏர் ஃபில்டரைத் திறந்தால் என் வண்டியில் பாதிக் கடற்கரை இருந்தது. மூன்றாம் நாள் செயின் காவி கட்டிக்கொண்டு சன்னியாசம் வாங்கியிருந்தது. மெக்கானிக், பின் பேரிங்கை உருவிக் கையில் கொடுத்து, "ஞாபகார்த்தமா வெச்சுக்குங்க சார்" என்றார். அதில் பச்சை நைலான் நரம்பு ஒரு விரல் நீளத்துக்குச் சுற்றியிருந்தது.

சித்திரையில் சிங்கத்தை விற்றேன். நஷ்டம் எவ்வளவு என்று மனைவிக்குச் சொன்ன கணக்கு ஒன்று, உங்களுக்குச் சொல்லாத கணக்கு ஒன்று. இப்போது வைத்திருப்பது 150 கிலோ சொச்சம் உள்ள சின்ன வண்டி. ஒருமுறை விழுந்தது, ஒருத்தனாய்த் தூக்கினேன். யாரும் பார்க்கவில்லை என்பதுதான் வருத்தம்.

போன மாதம் அதில் மறுபடி தோணிரேவு போனேன். வண்டியை டீக்கடை வாசலில் நிறுத்திவிட்டுக் கரைப்பக்கம் நடந்தேன். பெரியவர் வலை விரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முதலில் என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"வண்டி எங்கே? வித்துட்டியா?"

"டீக்கடையில நிறுத்திட்டேங்கய்யா. அன்னிக்குப் பாடு எப்படி?"

"சுமார்தான்" என்றார். வலையின் ஒரு முனையை என்னிடம் நீட்டி, "புடி, இப்படி இழு" என்றார்.