வெளியில் வந்து சொன்னவர்

பண்டார் பாருவில் இருந்து கிரியான் ஆற்றைத் தாண்டினால் பேராக் மாநிலம். பாரிட் புந்தாரில் ரயில் ஏறினால் ஈப்போ. அங்கே டி.ஆர். சீனிவாசகம் பூங்கா இருக்கிறது. பிள்ளைகளை விளையாடக் கூட்டிச் செல்லும் பலருக்கு அது ஒரு பெயர்ப் பலகைதான். மைக் முன்னால் பேசிப் பிழைக்கும் எனக்கு அப்படி இல்லை.

சீனிவாசகம் ஈப்போவில் வழக்கறிஞர். 1953இல் தொடங்கிய முற்போக்குக் கட்சியை (பிபிபி) அவரும் அண்ணன் எஸ்.பி. சீனிவாசகமும் சேர்ந்து வளர்த்தார்கள். மெர்டேக்கா கிடைத்த 1957ஆம் ஆண்டே இடைத்தேர்தலில் வென்றார். 1959 முதல் ஈப்போவின் நாடாளுமன்ற உறுப்பினர்.

எதிர்க்கட்சி வரிசையில் இருந்து அவர் அமைச்சர் அப்துல் ரஹ்மான் தாலிப் மீது ஊழல் குற்றச்சாட்டு வைத்தார். அவைக்குள் பேசியதற்கு யாரும் வழக்குப் போட முடியாது. அதனால், 'வெளியில் வந்து சொல்லுங்கள்' என்ற சவால் வந்தது. அவர் வெளியில் வந்து அதையே சொன்னார். அமைச்சர் அவதூறு வழக்குத் தொடுத்துத் தோற்றார். 1965இல் பதவி விலகினார்.

தோற்றிருந்தால் என்ன ஆகும் என்பது வழக்கறிஞரான சீனிவாசகத்துக்குத் தெரியாதா? நஷ்ட ஈடு, தொழில், பெயர் எல்லாமே போயிருக்கும். கையில் ஆதாரம் இருந்ததால்தான் வாசலைத் தாண்டினார்.

என் நிகழ்ச்சிக்கு வாரந்தோறும் குரல் பதிவுகள் வருகின்றன. கோயில் கணக்கில் ஓட்டை, தலைவர் பணம் சாப்பிட்டுவிட்டார், 'நீங்களே வானொலியில் போட்டு உடையுங்கள்' என்பார்கள். 'உங்கள் பெயரோடு சொல்லலாமா? ரசீது இருக்கிறதா?' என்று கேட்டால் பதில் வராது. அவர்களைக் குறை சொல்ல முடியவில்லை. ஒரே தாமானில் வாழ வேண்டியவர்கள்.

கடந்த ஆண்டு ஒரு தோட்டத் தொழிலாளி எழுதினார். சம்பளத்தில் இபிஎஃப் பிடித்திருக்கிறார்கள், கணக்கில் பணம் ஏறவில்லை. சம்பளச் சீட்டையும் கணக்கு அறிக்கையையும் படமெடுத்து அனுப்பியிருந்தார். 'என் பெயரையே சொல்லுங்க தங்கச்சி' என்றார். தயாரிப்பாளர் தயங்கினார். நான் தாள்களை மேசையில் வைத்து ஒரு மணி நேரம் வாதாடினேன். ஒலிபரப்பானது. அடுத்த வாரமே அதே தோட்டத்தில் இருந்து இன்னும் நான்கு பேர் சீட்டுகளோடு அழைத்தார்கள்.

சீனிவாசகம் 1969 மார்ச்சில், ஐம்பது வயதைத் தொடாமலே காலமானார். ஈப்போவுக்குப் போனால் அந்தப் பெயர்ப் பலகையைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள். யார் அவர் என்று கேட்டால் இந்த வழக்கைச் சொல்லுங்கள்.