மேல்மலைப் புல்லும் கீழ்மலைப் புல்லும்

அரசுப் பள்ளியில் 31 வருடம் உயிரியல் பாடம் நடத்தியவன் நான். அதில் 11 வருடம் கொடைக்கானல் மலையில். ஒரே இனம் என்றால் ஒரே செடிதான், இடத்துக்குத் தக்கபடி கொஞ்சம் உயரும், கொஞ்சம் குட்டையாகும் என்று எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு ஒரு புல் என் காதைத் திருகி, பாடத்தைத் திருத்தியது. அந்தக் கதையைத்தான் இன்று எழுதுகிறேன்.

மேல்மலையில் என் பழைய மாணவர் ஒருவருக்குக் கொஞ்சம் பட்டா நிலம் உண்டு. அவருடைய அப்பா காலத்தில் வாட்டில் மரம் ஏறிப்போன இடம். மரத்தை வெட்டிவிட்டுப் பழையபடி புல்வெளியாக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். நான் வத்தலக்குண்டில் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பது தெரிந்து, "சார், நீங்க வந்து சொல்லிக் கொடுங்க" என்று கூப்பிட்டார். கூப்பிட்டால் போதாதா? மறு வாரமே கிளம்பிவிட்டேன்.

விதைக்கும் நாற்றுக்கும் எங்கே போவது? மேல்மலையில் நல்ல புல்வெளி இப்போது துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. நான் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். தெமிடா ட்ரையாண்ட்ரா என்ற புல் மேலேயும் உண்டு, டம்டம் பாறைக்குக் கீழே வெயில் சரிவிலும் உண்டு. நெற்றுப் போல் கருத்த கதிர், அதில் முறுக்கிய கூர் மயிர், பழுத்தால் செம்பு நிறம். இரண்டும் ஒன்றுதான் என்று உறுதியாகச் சொன்னேன். கீழ்ச் சரிவில், தெரிந்தவர் தோட்டத்து வரப்பிலிருந்து சாக்கு சாக்காகத் தூர் எடுத்துக்கொண்டு போனோம்.

வேலைக்கு வந்திருந்த அம்மா ஒருத்தர், அறுபது வயசுக்கு மேல் இருக்கும், ஒரு தூரைக் கையில் வாங்கிப் பார்த்தார். "வாத்தியாரய்யா, இது கீழ புல்லுல்ல? இதுக்குப் பனி தெரியாதே" என்றார். நான் சிரித்துக்கொண்டே, "அம்மா, பேரு ஒண்ணுதான், இனம் ஒண்ணுதான்" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் பக்கத்து மேட்டிலிருந்து ஒரு நாற்பது தூர் தோண்டி வந்து, நிலத்தின் ஒரு ஓரத்தில் தன் பங்குக்கு நட்டுவிட்டுப் போனார்.

வடகிழக்குப் பருவமழையில் இரண்டும் நன்றாகப் பிடித்தன. என் புல்தான் சீக்கிரம் உயர்ந்தது. எனக்கு உள்ளூர ஒரு பெருமை. ஜனவரியில் உறைபனி விழுந்தது. மாணவர் போன் செய்தார்: "சார், வந்து பாத்துட்டுப் போங்க." போய்ப் பார்த்தால் என் புல் அத்தனையும் வைக்கோல். அந்த அம்மா நட்ட புல் நுனி மட்டும் கருகி, அடியில் பச்சையாகத் தரையோடு உட்கார்ந்திருந்தது. ஒரே மண், ஒரே பனி, ஒரே வாரத்தில் நட்டது. வந்த இடம் மட்டும்தான் வேறு.

பஸ்ஸில் திரும்பும்போது மனசு சரியில்லை. மாணவரின் பணமும் ஒரு வருட உழைப்பும் போயிற்று. வீட்டுக்கு வந்ததும் பழைய புத்தகங்களை எடுத்துத் தூசி தட்டினேன்.

சுவீடன் நாட்டில் டூரெசன் என்ற தாவரவியலாளர் நூறு வருடத்துக்கு முன்பே இதைச் செய்து பார்த்திருக்கிறார். கடலோரத்தில் ஒரு விதமாகவும் உள்நாட்டில் வேறு விதமாகவும் வளரும் ஒரே இனச் செடிகளைக் கொண்டுவந்து ஒரே தோட்டத்தில் வளர்த்தார். பல செடிகள் தோட்டத்துக்கு வந்த பிறகும் பிறந்த இடத்துச் சுபாவத்தை விடவில்லை. வேறுபாடு வளர்ப்பில் மட்டும் இல்லை, பிறப்பிலேயே இருக்கிறது என்று அதிலிருந்து தெரிந்தது. இப்படிச் சூழலுக்கேற்ற பரம்பரை வகைக்கு 1922இல் அவர் ஈகோடைப் என்று பெயர் வைத்தார். பின்னால் கலிபோர்னியாவில் கிளாசன், கெக், ஹீஸி என்ற மூவர் கடல்மட்டத்துக்கு அருகில் ஒன்று, நடுமலையில் ஒன்று, சுமார் 3,000 மீட்டர் உயரத்தில் ஒன்று என்று மூன்று தோட்டம் போட்டு, செடிகளை இடம் மாற்றி நட்டுப் பார்த்து 1940இல் புத்தகமே எழுதினார்கள்.

புல்லில் இன்னும் ஆச்சரியம். வேல்ஸ் நாட்டில் பழைய சுரங்கக் கழிவு மேட்டில், உலோக விஷத்தைத் தாங்கும் புல் வளர்வதைப் பிராட்ஷாவும் அவரைப் பின்பற்றியவர்களும் காட்டினார்கள். சில மீட்டர் தள்ளி மேய்ச்சல் நிலத்தில் இருக்கும் அதே இனப் புல்லை அந்த மண்ணில் வைத்தால் வேர் ஓடாது. காற்றில் மகரந்தம் இரண்டு பக்கமும் கலந்தும், தாங்காதவற்றை மண் கழித்துக்கொண்டே இருப்பதால் அந்த எல்லை அழியாமல் நிற்கிறது. நான் நட்ட தெமிடாவையே ஆஸ்திரேலியாவில் ஆராய்ந்திருக்கிறார்கள். குளிர்ந்த, ஈரமான தென்கிழக்குப் பகுதியில் பெரும்பாலும் 20 குரோமோசோம், வறண்ட உள்நாட்டில் பெரும்பாலும் 40. பெயர் ஒன்று, உள்ளே கணக்கு வேறு.

நம் மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். வத்தலக்குண்டு வெயிலுக்கும் 2,100 மீட்டரில் இருக்கும் கொடைக்கானல் பனிக்கும் நடுவில் சில மணி நேர பஸ் பயணம்தான். பழனி பக்கத்துச் சரிவு மழைமறைவு. இத்தனை விதமான இடத்தில் தலைமுறை தலைமுறையாக நின்ற புல், அந்தந்த இடத்துப் பாடத்தை விதையில் எழுதி வைத்திருக்கிறது. என் நாற்பது தூர்க் கணக்கு ஆராய்ச்சி ஆகாது, தெரியும். ஆனால் பிடிவாதத்துக்கு மேல்மலைப் புல் நான்கு தூர் கொண்டுவந்து வத்தலக்குண்டு வீட்டில் வைத்தேன். ஏப்ரல் வெயிலில் மூன்று போய்விட்டது. "இதுக்காவது அந்தம்மாவக் கேட்டீங்களா?" என்றாள் என் மனைவி.

இதில் சிரிக்க முடியாத ஒரு விஷயம் உண்டு. திருச்சி ரபினாட் ஹெர்பேரியத்தின் பாதிரியார் கே. எம். மாத்யூ பழனிமலைத் தாவரங்களைப் பற்றிய தம் பெரிய நூலை 1999இல் வெளியிட்டார். பெயர்களை அவர் பத்திரப்படுத்திவிட்டார். ஆனால் இங்குள்ள மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு 1973க்கும் 2014க்கும் நடுவில் போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். வாட்டில், பைன், யூகலிப்டஸ், விவசாயம் எல்லாம் சேர்ந்து தின்றது. மேட்டுக்கு மேடு வேறாக இருந்த புல் வகைகளில் எத்தனை அதோடு போயிற்றோ! தெமிடா இன்னும் உலகத்தில் பல இடத்தில் இருக்கிறது, அழிந்துவிட்டது என்று யாரும் எழுத மாட்டார்கள். ஆனால் இந்த மேட்டுப் பனியைத் தாங்கும் தெமிடா இந்த மேட்டில்தான் இருக்கிறது. மஞ்சளாறும் வராக நதியும் சண்முகநதியும் இந்த மலையிலிருந்துதான் இறங்குகின்றன. மழையை வாங்கி மெல்ல விடும் மண்ணைப் பிடித்திருப்பது அந்தப் புல்தான்.

அடுத்த மழைக்கு முன்னால் மறுபடி போனேன். இந்த முறை அந்த அம்மா முன்னால் நடந்தார், நான் சாக்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். பக்கத்து மேட்டில் எங்கே எடுக்கலாம், எந்த இடத்தை விட்டுவைக்க வேண்டும் என்று அவர்தான் சொன்னார். "பத்துத் தூருக்கு ஒண்ணுதான் எடுக்கணும் அய்யா, மேடு மொட்டையாயிடக் கூடாது" என்றார். பாதி சாக்குதான் நிரம்பியது.

அது இரண்டு பனியைத் தாண்டிவிட்டது. நிலத்தில் கால்வாசிதான் மூடியிருக்கிறது, மீதியில் வாட்டில் கன்று இன்னும் முளைக்கிறது, பிடுங்குகிறோம். உங்களில் யாராவது மேல்மலைப் பக்கம் பழைய புல்மேடு வைத்திருந்தால் ஒரே ஒரு வேண்டுகோள்: வேறு எதுவும் நடும் முன்னால், அந்த ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிட்டு ஒரு தடவை காட்டுங்கள்.