போன வழியே திரும்பினால்...

அப்பாவின் காலை எஃப்.எம். ரேடியோவோடுதான் விடியும். மகள் புதிதாக வடிவமைத்த சர்க்யூட் போர்டை ஆன் செய்தால் போதும், பாட்டு கரகரவெனக் கெட்டுவிடும். "என்னம்மா, உன் போர்டுக்கு இளையராஜா பிடிக்காதா?" என்று சிரிப்பார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த மாதம் மின்காந்த உமிழ்வு டெஸ்ட். தேறினால்தான் விற்பனை.

போர்டின் கிளாக் சிக்னல் 20 மெகாஹெர்ட்ஸ். அதன் ஐந்து மடங்கு 100. எஃப்.எம். ஒலிபரப்பாகும் 88 - 108க்கு நடுவே! ஆனால், கிளாக் எல்லா போர்டிலும் உண்டே... இதில் மட்டும் ஏன் இவ்வளவு கசிவு?

போர்டைத் திருப்பிப் பார்த்தாள். கிளாக் ஓடும் செம்புத் தடத்துக்கு நேர் கீழே, கிரவுண்ட் பரப்பில் நீளமாக ஒரு வெட்டு. வேறொரு தடத்துக்கு இடம் வேண்டி அவளே விட்டது. வேகமான சிக்னலின் மின்னோட்டம், போன தடத்துக்கு நேர் கீழேயே திரும்பப் பார்க்கும். இரண்டும் எதிரெதிராக ஒட்டி ஓடினால், ஒன்றின் காந்தப்புலத்தை மற்றொன்று பெருமளவு அழித்துவிடும். வெட்டைச் சுற்றிக்கொண்டு வந்தால் வளையம் பெரிதாகி, ஆன்டெனா போலவே வேலை செய்யும்.

குறுக்கே வந்த தடத்தை ஓரமாக நகர்த்தி, வெட்டை மூடி, புது போர்டு செய்து வாங்கினாள். ஆன் செய்தாள். பாட்டு கெடவில்லை. அப்பா ஒன்றும் சொல்லாமல் வால்யூமைக் கொஞ்சம் கூட்டினார்.