துடிக்கும் நெஞ்சும் தவிக்கும் கையும்

"தேவதைகள்!" என்று நம்மைப் போற்றுகின்றனர். "வீரர்கள்!" என்று கொண்டாடுகின்றனர். 2020-ஆம் ஆண்டு, கொரோனாக் கொடுநோய் நியூயார்க் நகரை உலுக்கிய நாட்களில், மாலை 7 மணி ஆனதும் மக்கள் மாடங்களிலும் பலகணிகளிலும் நின்று கைதட்டினர். பாத்திரங்களைத் தட்டி ஒலியெழுப்பினர். அன்பின் ஒலி அது. அதனை நாம் இகழவில்லை.

ஆனால், தோழர்களே, தேவதைக்குப் பசி இல்லை, உறக்கம் இல்லை, கால்வலி இல்லை. தேவதை ஒரே நேரத்தில் மூன்று அறைகளில் நிற்க வல்லவள்! செவிலிக்கு அந்த வல்லமை ஏது? அவளிடம் இருப்பவை இரண்டு கண்கள், இரண்டு கைகள், 12 மணி நேரப் பணி. அவளைத் தேவதையாக்கி உயரத்தில் வைத்துவிட்டால், "ஆள் போதவில்லையே, ஏன்?" என்ற கேள்வி எழாமலே போய்விடுகிறது. அந்தக் கேள்வியை எழுப்பவே இதனை எழுதுகிறோம்.

நாம், அமெரிக்க நாட்டிலே ஊர் ஊராகச் சென்று பணியாற்றும் செவிலி. இதய அறுவை முடிந்து வருவோரையும், மாரடைப்பால் வீழ்ந்தோரையும் காத்திடும் தீவிர சிகிச்சைப் பிரிவே நமது களம். ஒரு மருத்துவமனையில் ஆள் குறைந்தால், முகவர் நிறுவனம் நம்மை அங்கு அனுப்பும். ஒப்பந்தம் பெரும்பாலும் 13 வாரம். அது முடிந்ததும் பெட்டியைத் தூக்க வேண்டியதுதான். அடுத்த ஊர், அடுத்த வாடகை அறை. 2000-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த உரிம உடன்பாட்டின் பயனாக, ஒரே உரிமத்தைக் கொண்டு இன்று ஏறத்தாழ 40 மாநிலங்களில் பணிபுரியலாம். கலிபோர்னியா அதில் சேரவில்லை. அங்கு செல்லத் தனி உரிமம் வேண்டும்.

புதிய இடத்தில் நாம் முதலில் தேடுவது ஓய்வறையை அல்ல. மின்னதிர்ச்சிக் கருவி எங்கே? நெருக்கடி மருந்து வண்டி எந்த மூலையில்? அபாய மணி எது? இவற்றைத்தான் தேடுகிறோம். சரியும் இரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தும் நோர்எபிநெஃப்ரின் என்ற மருந்தை, ஓரிடத்தில் 250 மில்லி லிட்டரில் 4 மில்லி கிராம் கலப்பர். மற்றோரிடத்தில் அதே அளவு நீர்மத்தில் 16 மில்லி கிராம் கலப்பர். அதே சொட்டு, நான்கு மடங்கு வேகம்! நெஞ்சம் எங்கும் ஒன்றேபோல் துடிக்கிறது. நடைமுறையோ ஊருக்கு ஊர் மாறுகிறது. இத்தனையும் கற்றிட நமக்குத் தரப்படுவது பல இடங்களில் ஓரிரு நாட்களே. வேறு பிரிவில் ஆள் குறைந்தால் முதலில் அனுப்பப்படுவதும் நாமே. வந்தவள்தானே, போகப் போகிறவள்தானே!

இதய மருத்துவத்தின் வரலாறு கூறுவோர், 1953-இல் பிலடெல்பியாவில் இதய நுரையீரல் பொறியின் துணையோடு வெற்றிகரமாக அறுவை நடத்திய ஜான் கிப்பனைக் கூறுவர்; 1967-இல் கேப் டவுன் நகரில் மாற்று இதயம் பொருத்திய கிறிஸ்டியன் பர்னார்டைக் கூறுவர். கூறட்டும், பெரும் செயல்களே அவை. எனினும், மற்றொரு புரட்சியும் நடந்தது. அதற்கு அத்தனை ஆரவாரம் இல்லை.

மாரடைப்பு கண்டவர் பொதுப்பிரிவில் எங்கோ ஒரு படுக்கையில் கிடப்பார். நள்ளிரவில் இதயம் ஒழுங்கு குலைந்து வெறும் நடுக்கமாய் நடுங்கும். விடியலில் அவர் பிணமாகக் காணப்படுவார். "விதி" என்பர். விதியா அது? அந்த நடுக்கம் கண்டபின், மின்னதிர்ச்சி கொடுக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. மருத்துவரைத் தேடி ஆள் ஓடி, அவர் படியேறி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

1962-இல் கான்சாஸ் நகரில் ஹியூஸ் டே என்ற மருத்துவர், இதய நோயாளிகளுக்கெனத் தனிப்பிரிவு அமைத்தார். அதே காலத்தில் பிலடெல்பியாவில் லாரன்ஸ் மெல்ட்சர் என்ற மருத்துவரும் ரோஸ் பின்னியோ என்ற செவிலியும் அதே வழியில் உழைத்தனர். அந்தப் பிரிவுகளிலே செவிலிக்கு இதய மின்வரைவைப் படிக்கக் கற்றுக் கொடுத்தனர். மருத்துவர் வரும்வரை காத்திராமல் மின்னதிர்ச்சி கொடுத்திடும் உரிமையும் தந்தனர். கட்டளைக்குக் காத்து நின்றவள், அறிந்து முடிவெடுப்பவளானாள். அத்தகைய பிரிவுகளில் மாரடைப்பு இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அறிவு, படுக்கையின் அருகே நிற்பவரிடம் சென்று சேர்ந்தது, 'விதி' பின்வாங்கியது!

அறிவைத் தந்தது முதல் சீர்திருத்தம். அந்த அறிவைப் பயன்படுத்த நேரம் தருவது இரண்டாவது சீர்திருத்தம். முதலாவதைச் செய்தவர்கள், இரண்டாவதைச் செய்யத் தயங்குகிறார்கள்.

டெக்சாஸ் மாநிலத்தில், ஒரு மருத்துவமனையில் இரவுப் பணிக்குச் சென்றபோது நம்மிடம் மூன்று நோயாளிகளை ஒப்படைத்தனர். அவர்களுள் ஒருவர் அன்று மாலைதான் பைபாஸ் அறுவை முடிந்து வந்த முதியவர். முதல் சில மணி நேரம் அவருக்கென்றே ஒரு செவிலி நிற்பதுதான் முறை. மூவரை ஏற்பது தீங்கு என்றோம். "ஆள் இல்லை, என்ன செய்ய?" என்றார் மேற்பார்வையாளர். அம்மாநிலச் சட்டத்தில் ஒரு வழி உண்டு; பாதுகாப்புத் துறைமுகம் என்பது அதன் பெயர். "இந்தப் பணிச்சுமை நோயாளிக்கு ஆபத்து" என்று செவிலி நல்லெண்ணத்தோடு எழுதிக் கொடுத்தால், அதற்காக அவரைப் பழிவாங்குதல் கூடாது. குழு அதனை ஆராய வேண்டும். எழுதிக் கொடுத்தோம். ஏற்கனவே இருவரைக் காத்து வந்த அவ்வூர்ச் செவிலி ஒருத்தி, நமது மூன்றாம் நோயாளியைத் தன் தோளில் ஏற்றுக் கொண்டாள். சுமை குறையவில்லை, தோள் மாறியது, அவ்வளவே!

நள்ளிரவு கடந்தது. முதியவரின் மார்புக் குழாய் வழியே மணிக்கு 100 மில்லி லிட்டர் அளவில் வடிந்து கொண்டிருந்த குருதி, திடுமென நின்றது. அறியாதவர், "நல்லதாயிற்று" என மகிழ்வர். நாம் அஞ்சினோம். குழாய் அடைபட்டால் குருதி உள்ளே தேங்கும். இதயத்தைச் சூழ்ந்து நெருக்கும். விரிந்திட இடமின்றி இதயம் திணறும். சற்று நேரத்தில் இரத்த அழுத்தம் சரிந்தது. பெருஞ்சிரையின் அழுத்தம் ஏறியது. அதற்குள் அழைப்புச் சென்றிருந்தது. அறுவை மருத்துவர் வந்தார்; மார்பு மீண்டும் திறக்கப்பட்டது; தேங்கிய குருதி அகற்றப்பட்டது. முதியவர் பிழைத்தார்.

மறுநாள் அவர் துணைவியார் நம் கைகளைப் பற்றிக் கொண்டு, "நீங்கள் தேவதை" என்றார். இல்லை, அம்மா! அந்தப் பத்து நிமிடம் நாம் அந்த அறையில் நின்றிருந்தோம். மூன்றாம் அறையில் நின்றிருந்தால், இதே கண்களும் இதே அறிவும் அவருக்குப் பயன்பட்டிருக்குமா?

ஒப்பந்தக் காலம் முடிந்தது. நீட்டிப்புப் பற்றிப் பேசி வந்தவர்கள் பேச்சை நிறுத்தினர். காரணம் கூறப்படவில்லை. மூவரைச் சுமந்த அந்தத் தோழியோ, சில திங்களில் நிலையான வேலையை விட்டு, நம்மைப்போலவே பெட்டியைத் தூக்கினாள்.

பஞ்சம் பிறக்கும் விதம் இதுதான்! செவிலியர் உரிமம் பெற்றோர் அந்நாட்டில் 40 இலட்சத்துக்கும் மேல் உளர். கைகள் இல்லாமல் இல்லை. சுமை தாளாமல் விலகுகின்றன. நிலையான செவிலி ஊதிய உயர்வு கேட்டால், பணம் இல்லை என்கின்றனர். அவள் போனபின் அவள் இடத்துக்கு வாடகைக்கு வருபவருக்கு, அதைவிட மிகுதியாகக் கொடுக்கப் பணம் எங்கிருந்தோ வந்துவிடுகிறது! அந்தக் கூலியில்தான் நாமும் வாழ்கிறோம், மறைக்கவில்லை. கசிகின்ற கூரைக்குக் கீழே வைத்த பாத்திரம் நாம். பாத்திரம் வேண்டும்தான், ஆனால், கூரையை வேய்வது எப்போது?

சான்று இல்லாமல் கூறவில்லை. 2002-இல் லிண்டா எய்க்கன் தலைமையில் பென்சில்வேனியா மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு, அறுவை நோயாளிகளைக் காக்கும் செவிலிக்குக் கூடுதலாக ஒவ்வொரு நோயாளி சேரும்போதும், 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு ஏறுவதைக் காட்டியது. கலிபோர்னியா 1999-இல் சட்டம் இயற்றி, 2004 முதல் எல்லாப் பிரிவுகளுக்கும் அளவு வகுத்தது. தீவிர சிகிச்சையில் ஒரு செவிலிக்கு இருவருக்கு மேல் கூடாது. மாசசூசெட்ஸ் மாநிலம் 2014-இல் தீவிர சிகிச்சைக்கு மட்டும் சட்டம் செய்தது. மற்றப் பிரிவுகளுக்கும் அதனை விரிக்கும் முயற்சியை 2018-இல் வாக்காளர்களே தோற்கடித்தனர். 2023-இல் ஆரிகன் சட்டம் இயற்றியது. டெக்சாசில் அத்தகைய எண்ணிக்கைச் சட்டம் இன்றளவும் இல்லை. மாநில எல்லையைக் கடந்தால் மனித இதயம் மாறிவிடுமா?

இளைஞர்களே! உங்கள் வீட்டார் ஒருவர் என்றேனும் ஒரு நாள் மருத்துவமனைப் படுக்கையில் கிடப்பார். நீங்கள் வெளியே நிற்பீர்கள். அன்று செவிலியை வாழ்த்துங்கள், வேண்டாம் என்று கூறவில்லை. வாழ்த்துமுன், நிர்வாகத்தைப் பார்த்து ஒன்று கேளுங்கள்: "இன்றிரவு இந்தச் செவிலியிடம் எத்தனை பேரை ஒப்படைத்திருக்கிறீர்கள்?" அந்தக் கேள்வி ஓராயிரம் வாயில் ஒலித்தால் அது சட்டமாகும். அதுவே, கைத்தட்டலினும் பெரிய நன்றி.