ஹெப்பாளில் ஒரு சின்னான் கூடு

மைசூரு ஹெப்பாளில் தொழிற்பேட்டைக்கும் ஏரிக்கும் அக்கம்பக்கமாக லேஅவுட் வீடுகள். கணவருக்கு இங்கே ஃபேக்டரி வேலை கிடைத்ததால் சேலத்திலிருந்து வந்து, இங்கேயே தங்கிவிட்ட ஒரு அம்மாவின் வீட்டுக்குச் சித்திரைக் காலையில் போயிருந்தேன்.

“கேட்டை மெதுவா சாத்துங்க. செடிகிட்ட போக வேண்டாம், வராந்தாவிலிருந்தே பாருங்க” என்றார்.

குரோட்டன்ஸில் நெஞ்சு உயரத்தில் செம்மீசைச் சின்னானின் கூடு. பைனாகுலரில் பார்த்தால் வேர்நார், காய்ந்த புல், சிலந்தி நூல், ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டு. தாய் புழுவோடு வந்து உட்கார்ந்ததும் இரண்டு அலகுகள் எம்பித் திறந்தன. அடைகாக்க ஏறத்தாழ 12 நாள், குஞ்சு கூட்டைவிட்டு இறங்க இன்னும் அதே அளவு நாள். அதுவரை காக்கை, செம்போத்து, பூனை, பாம்பு எல்லாவற்றுக்கும் தப்ப வேண்டும்.

மதில்மேல் ஒரு காக்கை எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அடிக்கடி போய் எட்டிப் பார்த்தால் கூடு இருக்கும் இடத்தை நாமே அதற்குக் காட்டிக்கொடுத்துவிடுவோம். இந்த அம்மா செய்ததில் எனக்கு மிகப் பெரிதாகப் பட்டது, தினமும் காக்கைக்கு வைக்கும் சோற்றை இடம் மாற்றியதுதான். வழக்கமாக வைப்பது இந்த மதிலில், கூட்டுக்கு நேர் எதிரே. “சாமிக்குப் படைச்சதை நிறுத்த மனசு வரல. பின்பக்க மாடியில வைக்கிறேன்” என்றார். மீன் கழுவிய தண்ணீரும் செடிக்கு ஊற்றுவதில்லை. அந்த வாடைக்குப் பூனை வரும்.

குரோட்டன்ஸை உரசி நிற்கும் கொய்யாவின் அடிமரத்தில், எண்ணெய் டின்னை வெட்டி விரித்து, ஆணி அடிக்காமல் கம்பியால் சுற்றியிருக்கிறார். வழவழப்பான தகரத்தில் பூனையின் நகம் பிடிக்காது. உரசும் கிளையை வெட்டாமல் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தார். வெட்டினால் நிழலும் மறைப்பும் போய்விடும். வலை கட்டலாமே என்று பலரும் சொல்வார்கள். நைலான் வலை வேண்டவே வேண்டாம். பாம்பும் சிக்கும், தாய்ப்பறவையும் சிக்கும்.

பூனையைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. அமெரிக்காவில் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடி வரை பறவைகளைக் கொல்வதாக 2013-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று கணக்கிட்டது. பசியில்லாத வீட்டுப் பூனையும் வேட்டையாடும்.

இன்னும் சில நாளில் குஞ்சுகள் சரியாகப் பறக்க வராமலே இறங்கித் தரையில் தத்தும். அந்த நாட்களில் தங்கள் பூனையை வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பதாகப் பக்கத்து வீட்டார் சொல்லியிருக்கிறார்கள். தரையில் கிடக்கும் குஞ்சை எடுத்துக் கிளையில் விடலாம். கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையில்லை. ஆனால் பாவமென்று வீட்டுக்குள் கொண்டுபோய்ப் பாலும் சோறும் ஊட்டக் கூடாது. அதற்கு இரை கொடுக்கத் தாயும் தந்தையும் பக்கத்துச் செடியிலேயே இருக்கும்.