கடைசி ரெண்டு பால்... பத்து ரன்!

கும்மிடிப்பூண்டி போயிருக்கீங்களா ஃப்ரெண்ட்ஸ்? எங்க திருவள்ளூர் மாவட்டம்தான். ஆனா, திருவள்ளூர்ல இருந்து ட்ரெயின்ல போகணும்னா சென்னைக்குள்ள வந்து லைன் மாறி, எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டைனு ஒரு ரவுண்டு அடிக்கணும். இறங்கினா சிப்காட். ஷிஃப்ட் பஸ், லோடு லாரி, ஒரே டீக்கடையில தமிழ், தெலுங்கு, இந்தி!

2024 மே மாசம் இன்-பிளான்ட் ட்ரெயினிங்குக்காக அங்கே சீனியர் ரூம்ல டேரா போட்டிருந்தேன். மே 18, சனிக்கிழமை ராத்திரி. பெங்களூருல நம்ம சி.எஸ்.கே.வுக்கு கடைசி லீக் மேட்ச். போன வருஷ சாம்பியன். சீசன் தொடங்குறதுக்கு முதல் நாள்தான் தோனி கேப்டன் பதவியை ருதுராஜ்கிட்ட கொடுத்தார். 13 மேட்ச்ல 7 வெற்றி. ஆர்.சி.பி. அடிச்சது 218. நாம ஜெயிக்கக்கூட வேணாம்... 201 எடுத்தாலே ப்ளே-ஆஃப்!

மழையால மேட்ச் லேட். பத்து மணி ஷிஃப்ட் விட்டு வந்தவங்க டிபன் கேரியரோட டீக்கடை டி.வி. முன்னாடி நின்னுட்டாங்க. கடைசி ஓவர்ல 17 வேணும். முதல் பால், தோனி சிக்ஸர்... 110 மீட்டர்! கடையே அதிருது. அடுத்த பால்ல அவுட். கப்சிப்.

கடைசி ரெண்டு பால், 10 ரன், எதிர்ல ஜடேஜா. 2023 அகமதாபாத் ஃபைனல்லயும் இதே கணக்குதானே? அதே ஜடேஜா, ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர், அஞ்சாவது கப்! இந்தத் தடவை? டாட். டாட். 191. ரெண்டு டீமுக்கும் அதே 14 பாயின்ட். ரன் ரேட்ல நாம அஞ்சாவது இடம்.

“சாம்பியன் டீம்ணா... இப்படி ஆயிடுச்சே!” - பக்கத்துல நின்ன அண்ணன்கிட்ட புலம்பினேன். கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறவர். சிரிச்சார். “போன மாசம் எத்தனை பீஸ் போட்டேன்னு இந்த மாசம் எவன் தம்பி கேக்கிறான்? காலையில ஆறு மணிக்கு ஓ.டி. இருக்கு, வரட்டா?” சைக்கிளை மிதிச்சுட்டார்.

முதல் செமஸ்டர் மார்க்கையே சொல்லிக்கிட்டு, ரெண்டாவது செமஸ்டர்ல புக்கைத் தொடாம இருந்தவன் நான். அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை பாஸ்.

நீங்களும் ஒரு நாள் கும்மிடிப்பூண்டி லோக்கல்ல ஏறுங்க. ஷிஃப்ட் விடுற நேரமா பார்த்து ஒரு டீ சொல்லுங்க. நாளைக்குத் திரும்ப முதல் பால்ல இருந்து ஆடுறவங்க எல்லாரும் அங்கேதான் நிப்பாங்க!