காலனி என்றால் எந்தக் காலனி?

வரலாற்றுப் பாடத்தில் அமெரிக்காவின் 13 காலனிகள் வரும். அறிவியல் பாடத்தில் பாக்டீரியா காலனி, எறும்புக் காலனி. வாத்தியார் இந்தச் சொல்லைச் சொல்லும்போதெல்லாம் வகுப்பில் சிலர் திரும்பி எங்களைப் பார்ப்பார்கள். ஏன் பார்த்தார்கள் என்பது அவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

நகரத்தில் இந்தச் சொல்லுக்கு முன்னால் ஏதாவது ஒட்டியிருக்கும். ரயில்வே காலனி, டீச்சர்ஸ் காலனி, பேங்க் காலனி. அங்கே மனை விலை ஏறும். கிராமத்தில் எதையும் ஒட்டத் தேவையில்லை. "அந்தப் பையன் காலனி" என்றால் போதும், சாதியைக் கேட்கிற வேலை மிச்சம். "நீங்க ஊரா, காலனியா?" என்று கேட்பவருக்குக் காலனியும் ஊர்தானே என்று தோன்றுவதே இல்லை. எங்கள் அம்மாக்களும் கடைக்குப் போகும்போது "ஊருக்குள்ள போயிட்டு வர்றேன்" என்றுதான் சொல்கிறார்கள். அப்படியானால் நாங்கள் குடியிருப்பது எங்கே?

லத்தீனில் கொலோனஸ் என்றால் உழவன். ரோமானியர்கள் தாங்கள் பிடித்த நாடுகளில் ஓய்வுபெற்ற படைவீரர்களுக்கு நிலம் கொடுத்துக் குடியமர்த்திய இடம் கொலோனியா. ஜெர்மனியின் கொலோன் நகரத்துப் பெயரும் அதிலிருந்து வந்ததுதான். ஆக, முதல் காலனிக்காரன் நிலம் வாங்கியவன்! எங்கள் காலனியில் உழுதவர்களுக்குக் குறைவில்லை. உழுத நிலத்துக்குப் பட்டா வைத்திருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் இன்று யார் பெயரில் இருக்கின்றன என்று உங்கள் தாலுகா அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

அரசு நிலம் எடுத்து, மனைப் பட்டா கொடுத்து, தொகுப்பு வீடு கட்டிய இடங்களுக்குக் காலனி என்ற பெயர் வந்தது. சேரி என்ற சொல்லைவிடக் கௌரவமாக இருக்கும் என்று பெரியவர்கள் நம்பியிருக்கலாம். ஆனால் அந்த மனைகளும் பெரும்பாலும் சேரியை ஒட்டியே எடுக்கப்பட்டன. சேரி மட்டும் பிறக்கும்போதே இழிசொல்லா? பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, பிராமணர் ஊரின் பகுதிகளையே சேரி என்கிறது. புதுச்சேரியைப் பாருங்கள். பெயரிலேயே சேரி, 1954 வரை பிரெஞ்சுக் காலனி. அங்கே பிறந்தேன் என்று சொல்ல யாரும் கூச்சப்படுவதில்லை.

2025 ஏப்ரல் 29 அன்று, காலனி என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நாங்கள் வரவேற்கிறோம். பேருந்து நிறுத்தத்தின் பெயரைச் சொல்லிச் சீட்டு வாங்கவே தயங்குகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வேலைக்கான விண்ணப்பத்தில் முகவரியைப் படித்ததுமே முகம் மாறுகிற அதிகாரிகளும் இருக்கிறார்கள். "பெயரில் என்ன இருக்கிறது" என்று கேட்கிற தோழர்கள் அந்த நிறுத்தத்தில் ஒரு நாள் இறங்கிப் பார்க்கலாம்.

ஆனால் மேட்டுப்பாளையம் நடூரை மறக்க முடியவில்லை. 2019 டிசம்பர் 2 விடியும் முன், அங்கே ஆதிதிராவிடர் காலனி வீடுகளை ஒட்டி எழுப்பப்பட்டிருந்த உயரமான சுற்றுச்சுவர் மழையில் இடிந்து விழுந்து 17 பேர் இறந்தார்கள். அதைத் தீண்டாமைச் சுவர் என்றே மக்கள் சொன்னார்கள். பலகையில் வேறு பெயர் எழுதியிருந்தாலும் அந்தச் சுவர் அங்கேதான் நின்றிருக்கும்.

உங்கள் ஊர் கிராம சபையில் பெயர் மாற்றத் தீர்மானம் வந்தால் கை தூக்குங்கள். புதுப் பெயரை ஊர்ப் பெரியவர்கள் முடிவு செய்ய விடாதீர்கள், அங்கே குடியிருப்பவர்களே சொல்லட்டும். அதே கூட்டத்தில் சுடுகாட்டுப் பாதை, குடிநீர்க் குழாய், பஞ்சமி நிலம் மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். தீர்மானப் பதிவேட்டில் ஏறிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.